இரண்டு பிள்ளைகளை ஏற்றிச் செல்ல எந்தச் சைக்கிள் தகுந்தது?

பள்ளத்தூர்த் தாய்

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு நான்கரை வயது, எடை 16 கிலோ. மகனுக்கு ஒன்றே முக்கால் வயது, எடை 11 கிலோ. காலையில் மகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, மகனை என் ஆத்தா வீட்டில் விட்டுவிட்டு, நான் வேலைக்குப் போக வேண்டும். எல்லாம் சேர்ந்து ஒரு வழிக்கு மூன்று கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். ஸ்கூட்டி ஓட்டத் தெரியும், வாங்கவும் முடியும். ஆனால் இத்தனை குறைந்த தூரத்திற்குச் சைக்கிளே போதும் என்று முடிவு செய்துவிட்டேன். ஆகையால் அந்த அறிவுரையை மட்டும் அன்புகூர்ந்து தவிர்த்துவிடுங்கள்.

காரைக்குடியில் இரண்டு கடைகளில் பார்த்தேன். முதல் கடையில் 21 கியர், முன்னும் பின்னும் டிஸ்க் பிரேக், முன் ஃபோர்க்கில் ஸ்பிரிங் வைத்த தடித்த டயர் சைக்கிளைக் காட்டி, கேரியரைத் தனியாகப் பொருத்தித் தருவதாகச் சொன்னார்கள். இரண்டாவது கடையில் இருந்தது கூடை வைத்த சாதாரண லேடீஸ் சைக்கிள். அதன் விலை முதலாவதில் பாதிகூட இல்லை. விலை குறைவு என்பதாலேயே எனக்கு அதன் மீது ஐயம் வருகிறது.

எங்கள் வீட்டு முகப்பில் ஒன்பது படிகள் இருக்கின்றன. சைக்கிளைத் தினமும் அவற்றில் தூக்கி ஏற்ற முடியாது. பின்தெரு வாசல் மட்டும் தெருமட்டத்தில் இருப்பதால் அங்கே பழைய வண்டிக் கொட்டகையில் நிறுத்திக்கொள்ளலாம். நான் பெரும்பாலும் சேலைதான் உடுத்துகிறேன். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

செக்காலை இளைஞன்

ஸ்கூட்டி என்று எழுதத்தான் வந்தேன், வாசலிலேயே தடுத்துவிட்டீர்கள். அப்படியானால் கியர் சைக்கிளையே வாங்குங்கள் அக்கா. 27 கிலோ சுமையோடு மிதிக்கும்போது கியர் இல்லாவிட்டால் முழங்கால் போய்விடும், டிஸ்க் பிரேக்கும் பாதுகாப்பானது.

கல்லுக்கட்டி மெக்கானிக்

தம்பி சொல்வதில் பிரேக்கைப் பற்றிய பகுதியில் ஓரளவு உண்மை இருக்கிறது. மற்றதை ஏற்பதற்கில்லை. முப்பது ஆண்டுகளாகச் சைக்கிள் வேலை செய்கிறவன் என்ற முறையில் சற்று விரிவாக எழுதுகிறேன்.

பிள்ளையை ஏற்றும் சைக்கிளில் முதலில் பார்க்க வேண்டியது கேரியர் எங்கே நிற்கிறது என்பதைத்தான். லேடீஸ் சைக்கிளின் கேரியர் பின்சக்கர ஆக்சிலின் இரு பக்கத்திலும் கால் ஊன்றி, மேலே சீட்டுக்குக் கீழே சைக்கிளின் சட்டத்தோடு (ஃபிரேமோடு) இறுக்கப்பட்டிருக்கும். பிள்ளையின் எடை நேராக ஆக்சிலுக்கு இறங்கிவிடும். ஸ்பிரிங் வைத்த சைக்கிள்களில் பலவற்றில் கேரியருக்கென்று துளையே இராது. கடைக்காரர் “போட்டுத் தருகிறேன்” என்று சொல்வது, பெரும்பாலும் சீட்டுக் குழாயில் ஒரே பிடியாகக் கவ்வி நிற்கும் கேரியரைத்தான். அது புத்தகப் பைக்கு உகந்தது. பத்து கிலோவுக்கு மேல் ஏற்றினால் பக்கவாட்டில் திரும்பும், பள்ளத்தில் இறங்கினால் கீழே சரியும். அதில் பிள்ளையை உட்கார வைப்பதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அடுத்தது சக்கரம். பழைய முறையில் கட்டிய சைக்கிள்களில் முன்சக்கரத்திற்கு 32 கம்பி (ஸ்போக்), பின்சக்கரத்திற்கு 40 கம்பி என்று வைத்திருப்பார்கள். சுமை பின்னால் உட்காரும் என்பதை அறிந்து வைத்த கணக்கு அது. ஆகவே விலை குறைவாக இருப்பதால் தரமும் குறைவாக இருக்கும் என்று எண்ண வேண்டாம் அம்மா. கியரும் ஸ்பிரிங்கும் இல்லாததால்தான் அதன் விலை குறைகிறது. அவை இரண்டும் உங்களுக்குத் தேவையும் இல்லை.

மேடு பள்ளம் இல்லாத நம் பகுதியில் 21 கியரில் இரண்டைத் தவிர மற்றவை துருப்பிடிக்கும். மிதி கனமாக இருக்கிறது என்று தோன்றினால் அதற்கு வேறு வழி உண்டு. செயின் ஓடும் பல்சக்கரத்தில் முன்னால் 44 பல், பின்னால் 18 பல் உள்ள 26 அங்குலச் சைக்கிள் ஒரு மிதிக்கு, அதாவது பெடலின் ஒரு முழுச் சுற்றுக்கு, ஏறக்குறைய 5 மீட்டர் போகும். பின்னால் உள்ள பல்சக்கரமான பிரீவீலைக் கழற்றி 22 பல்லாக மாற்றினால் ஒரு மிதிக்கு 4 மீட்டரை ஒட்டிப் போகும். வேகம் குறையும், கால் வலிக்காது. செயினில் இரண்டொரு கண்ணி கூட்ட வேண்டிவரும். அரை மணி நேர வேலை.

தேவகோட்டை ஆச்சி

நான் பிறந்தது புதுக்கோட்டை மாவட்டத்துச் செட்டிநாட்டு ஊர்களில் ஒன்று. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்த போது கற்றவர்களில் நானும் ஒருத்தி. அப்போது கேட்ட பெண்களுக்கெல்லாம் லேடீஸ் சைக்கிள் கிடைக்கவில்லை. ஆகவே பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே வாங்கினோம். பிறகு அதையே விரும்பவும் செய்தோம், ஏனென்றால் அந்தப் பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம், பின்னால் தண்ணீர்க் குடமோ மற்றொரு பிள்ளையோ ஏறலாம். என் மூத்தவன் பார் மேல் மாட்டிய சின்ன இருக்கையில் உட்கார்ந்து மணியை அடித்துக்கொண்டே வளர்ந்தான்.

ஆனாலும் இன்று யாராவது கேட்டால் பார் வைத்த சைக்கிளைச் சொல்ல மாட்டேன். காரணம், ஏறுவதும் இறங்குவதும். பின்னால் இருக்கையில் பிள்ளை இருக்கும்போது காலைப் பின்பக்கம் வீசி ஏற முடியாது, பிள்ளையின் முகத்தில் இடிக்கும். முன்னால் பாரும் அதில் ஒரு பிள்ளையும் இருந்தால் முன்பக்கமாகவும் காலைக் கொண்டுபோக முடியாது. ஒருமுறை ஊருணிக் கரையில் நான் இறங்கத் தெரியாமல் சைக்கிளோடும் இரண்டு பிள்ளைகளோடும் மெதுவாகச் சாய்ந்து, யாரோ ஒரு பெரியவர் ஓடிவந்து பிடித்தார். ஓடிக்கொண்டிருந்தபோது ஒருநாளும் விழுந்ததில்லை, நிற்கும்போதுதான் விழப் பார்த்தேன்.

செக்காலை இளைஞன்

ஆச்சி சொல்வது புரிகிறது. ஆனால் சட்டம் தாழ்ந்த லேடீஸ் சைக்கிள் சுமை ஏறினால் பாம்பு போல நெளிகிறதே, அதைக் கவனித்திருக்கிறீர்களா?

கல்லுக்கட்டி மெக்கானிக்

நல்ல கேள்வி. மேல் குழாய் இல்லாததால் சட்டம் ஓரளவு முறுக்கிக்கொள்ளத்தான் செய்யும். ஒற்றைக் குழாய் மட்டும் வளைந்து இறங்கும் சட்டத்தில் அது அதிகம். இரண்டு குழாய்கள் அருகருகே இறங்கும் சட்டத்தில் மிகக் குறைவு. கடையில் சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். கேரியரில் பத்து கிலோ அரிசிப் பையை வைத்துக் கட்டி, ஒரு கையால் ஹேண்டிலையும் மறு கையால் சீட்டையும் பிடித்து இடம் வலமாக ஆட்டிப் பாருங்கள். பின்பகுதி தாமதித்து வந்தால் அந்தச் சைக்கிளை விட்டுவிடுங்கள். அரிசிப் பை கேட்டால் கடைக்காரர் முகம் சுளிப்பார். பிள்ளைகளின் பொருட்டு அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

செவிலியர், காரைக்குடி

சைக்கிள் எது என்பதில் எனக்குக் கருத்து இல்லை. பிள்ளையின் காலைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் எங்களிடம் வரும் சைக்கிள் காயங்களில் பெற்றோர் சற்றும் எதிர்பாராதது அதுதான். வெறும் கேரியரில் இருபுறமும் கால் போட்டு உட்காரும் பிள்ளை, தூக்கக் கலக்கத்திலோ வேடிக்கை பார்க்கும் ஆர்வத்திலோ காலை உள்ளே தள்ளிவிடும். சுழலும் கம்பிக்கும் சட்டத்திற்கும் நடுவே குதிகால் சிக்கிக்கொள்ளும். வெளியே தெரியும் கீறலைக் காட்டிலும் உள்ளே தோலும் சதையும் நசுங்கிய பாதிப்பு பெரிதாக இருக்கும். குதிகாலின் பின்பக்கத் தோல் ஆறுவதற்கு வாரக்கணக்கில் ஆகும்.

என் அக்காள் மகனுக்கு இது நேர்ந்தது. மூன்று தெரு தள்ளியிருந்த கடைக்குப் போய்வரும் வழிதான். செருப்பு போட்டிருந்தான், இருந்தும் செருப்பையும் சேர்த்தே இழுத்துக்கொண்டது. எனவே பள்ளத்தூர்ச் சகோதரி இரண்டு பக்கத்திலும் சக்கரத்தை முக்கால் பாகமாவது மறைக்கும் வலையோ தகடோ கட்டாயம் போட வேண்டும். சேலை சிக்காமல் இருக்கப் போடும் தடுப்பு பெரும்பாலும் ஒரு பக்கத்தில் மட்டும், அதுவும் சிறியதாக இருக்கும். பிள்ளையின் இருக்கையிலேயே பாதம் வைக்கக் குழிவான இடமும் அதன் மேல் ஒரு வாரும் இருந்தால் இன்னும் நல்லது.

மகனைப் பற்றி ஒன்று. ஒரு வயது நிறையாத குழந்தையை எந்த இருக்கையிலும் ஏற்றக் கூடாது. தலையைத் தானே நிலையாகப் பிடித்து, ஹெல்மெட்டின் எடையையும் தாங்கும் கழுத்து வேண்டும். ஒன்றே முக்கால் வயதில் தடை இல்லை. ஹெல்மெட் புருவத்திற்கு மேலே இரண்டு விரல் இடைவெளியில் நேராக அமர வேண்டும். பின்னோக்கிச் சாய்ந்து நெற்றி முழுதும் தெரியும்படி போட்டால் பயன் இல்லை.

ஒசாகாவில் ஒரு காரைக்குடியான்

நான் வாழும் ஜப்பானில் தாய்மார்கள் இரண்டு பிள்ளைகளைச் சைக்கிளில் ஏற்றிச் செல்வது அன்றாடக் காட்சி. முன்பு ஒரு பிள்ளைக்கு மட்டுமே நாட்டின் சட்டம் இடம் கொடுத்தது. தாய்மார்கள் அதைப் பொருட்படுத்தாமல் இரண்டு பேரை ஏற்றினார்கள். கடைசியில் 2009 ஜூலையில் விதியைத் திருத்தி, அதற்கென்றே தரச் சான்று பெற்ற சைக்கிளாக இருந்தால் ஆறு வயதுக்கு உட்பட்ட இரு பிள்ளைகளை ஏற்றலாம் என்று ஆக்கினார்கள். அந்தச் சைக்கிள்களைப் பார்த்தால் பள்ளத்தூர்ச் சகோதரிக்குப் பயன்படும் மூன்று சங்கதிகள் தெரியவரும்.

சக்கரம் பெரும்பாலும் 20 அங்குலம்தான். பிள்ளைகள் தாழ உட்காருவதால் சைக்கிள் சாயும்போது தாயின் கை தாங்கிவிடுகிறது. இரண்டாவது, ஸ்டாண்டு. அது ஒரு பக்கம் சாய்த்து நிறுத்தும் ஒற்றைக் கால் ஸ்டாண்டு அல்ல. பின்சக்கரத்தையே தரையிலிருந்து தூக்கி நிறுத்தும், கால்களை அகலமாக விரித்த இரட்டை ஸ்டாண்டு. மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. பல வகைகளில் ஸ்டாண்டைப் போட்டவுடன் ஹேண்டிலும் தானாகவே பூட்டிக்கொள்ளும், அல்லது அசையாதபடி இறுகிக்கொள்ளும். பிள்ளையைத் தூக்கி வைக்கும்போது சைக்கிள் சரிவதற்கு முன்சக்கரம் திரும்பிவிடுவதே முக்கியக் காரணம். தேவகோட்டை ஆச்சி ஊருணிக் கரையில் பட்ட பாட்டை ஒசாகாவின் தாய்மார்களும் பட்டிருக்கிறார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

இங்கே வாங்கி அனுப்பலாமா என்று கேட்க வேண்டாம். பேட்டரி வைத்த வகை 30 கிலோவை ஒட்டி எடை இருக்கும், உதிரிப் பாகமும் நம்மூரில் கிடைக்காது.

கல்லுக்கட்டி மெக்கானிக்

ஒசாகாத் தம்பிக்கு நன்றி. இரட்டை ஸ்டாண்டு நமக்குப் புதிதல்ல. பால்காரர் சைக்கிளில் பார்த்திருப்பீர்கள். லேடீஸ் சைக்கிளுக்கும் அதைப் பொருத்தலாம், பின் ஆக்சிலின் நீளம் போதுமா என்று மட்டும் பார்க்க வேண்டும். ஹேண்டில் பூட்டிக்கொள்ளும் வசதி இங்கே இல்லை. அதற்குப் பதிலாக, முன் ஃபோர்க்கிற்கும் சட்டத்தின் கீழ்க்குழாய்க்கும் நடுவே ஒரு சுருள் ஸ்பிரிங்கை மாட்டினால் சைக்கிள் நிற்கும்போது முன்சக்கரம் நேராகவே இருக்கும். இரண்டு பிடிகளும் ஒரு ஸ்பிரிங்கும் சேர்த்துப் பெரிய செலவு இல்லை.

கோட்டையூர்வாசி

நம் பள்ளத்தூரில் வேர்கொண்ட முருகப்பா குடும்பத்தார் 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் ஆலை அம்பத்தூரில் சைக்கிள் செய்திருக்கிறது. பள்ளத்தூர்க்காரர் ஒருவர் வேறு பெயர்ச் சைக்கிளை வாங்கலாமா?

தேவகோட்டை ஆச்சி

ஊர்ப் பற்றுக்குப் பிள்ளையைத் தாங்கத் தெரியாது தம்பி. அந்தப் பெயரிலேயே கேரியர் இல்லாத சைக்கிளும் வருகிறது. மெக்கானிக் சொன்ன அரிசிப் பைச் சோதனையில் எது நிற்கிறதோ அதை வாங்கட்டும்.

கோட்டையூர்வாசி

ஒப்புக்கொள்கிறேன் ஆச்சி. பயனுள்ளதாக ஒன்று சொல்லி ஈடுசெய்கிறேன். நான் கோட்டையூரிலிருந்து அழகப்பாபுரம் வரை தினமும் சைக்கிளில் போகிறவன். நம் பகுதியில் சைக்கிளுக்கு முதல் எதிரி லாரி அல்ல, சீமைக் கருவேல முள். ஊருணி ஓரத்திலும், ஆளில்லாத பெரிய வீடுகளின் பின்தெருக்களிலும் அது உதிர்ந்து கிடக்கும். ஆடு மேய்ப்பவர்கள் கிளையை இழுத்துச் சென்ற தடத்தில் மறுநாள் போனால் இரண்டு டயரும் காற்று இறங்கிவிடும். தனியாக இருக்கும்போது பஞ்சர் ஆனால் தள்ளிக்கொண்டு போகலாம். இரண்டு பிள்ளைகளோடு வெயிலில் பஞ்சர் ஆனால் என்ன பாடு என்று நினைத்துப் பாருங்கள். டியூபுக்கும் டயருக்கும் நடுவே பழைய டயரின் ஓரக் கம்பிகளை அறுத்தெடுத்துவிட்டு நடுப்பட்டையை மட்டும் உள்ளே சுற்றிப் போட்டிருக்கிறேன். மிதி சற்றே கனக்கிறது, ஆனால் ஓர் ஆண்டாக இரண்டே பஞ்சர்.

டயர் வாங்கும்போது அளவைக் கவனியுங்கள். லேடீஸ் சைக்கிளின் 26 அங்குலமும் தடித்த டயர் சைக்கிளின் 26 அங்குலமும் பெயரளவில்தான் ஒன்று. முதலாவதன் ரிம்மில் டயர் அமரும் விட்டம் 590 மில்லிமீட்டர், இரண்டாவதில் 559 மில்லிமீட்டர். ஒன்று மற்றொன்றில் ஏறாது. நான் தடித்த டயரை வாங்கிவந்து வீட்டு வாசலில் ஒரு மணி நேரம் போராடியவன்.

பள்ளத்தூர்த் தாய்

இத்தனை பேர் பொறுமையாக எழுதியதற்கு நன்றி. லேடீஸ் சைக்கிள் என்று மனம் உறுதியாகிவிட்டது. இன்னும் இரண்டு ஐயங்கள். முதலாவது பிரேக். இரண்டாவது கடையில் இருந்ததில் கேபிளுக்குப் பதில் இரும்புக் கம்பியால் இழுபடும் பிரேக், பளபளப்பான இரும்பு ரிம். டிஸ்க் இல்லாததால் பயப்பட வேண்டுமா? இரண்டாவது, பேட்டரி சைக்கிள் வாங்கினால் எளிதாக இருக்குமே என்று தங்கை சொல்கிறாள்.

கல்லுக்கட்டி மெக்கானிக்

பிரேக் பற்றி நீங்கள் பயப்படுவது சரிதான். முலாம் பூசிய இரும்பு ரிம் காய்ந்திருக்கும்போது ஓரளவு பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்துவிட்டால் பிரேக் கட்டை அதன் மேல் வழுக்கிக்கொண்டே போகும். காய்ந்த சாலையில் நிற்கும் தூரத்தைப் போலப் பல மடங்கு ஓடிய பின்புதான் நிற்கும். இரண்டு பிள்ளைகளின் எடை சேர்ந்தால் அது இன்னும் கூடும். ஆகவே அலுமினிய ரிம்மும், கேபிளில் இழுபடும் இரண்டு கை பிரேக்கும் உள்ள வகையைக் கேளுங்கள். அதே சைக்கிளிலேயே அந்த வகையும் வருகிறது, விலை கொஞ்சம் கூடுதல். இந்தக் கூடுதலுக்கு மட்டும் பேரம் பேசாமல் கொடுத்துவிடலாம். மழையில் ஓட்டும்போது நிறுத்த வேண்டிய இடத்திற்கு முன்பே பிரேக்கை லேசாகப் பிடித்து விட்டால் ரிம்மில் உள்ள தண்ணீர் வழிந்துவிடும்.

பேட்டரி சைக்கிளில் மோட்டார் 250 வாட்டுக்குள்ளும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள்ளும் இருந்தால் பதிவும் உரிமமும் வேண்டாம் என்பது உண்மை. ஆனால் கடைகளில் வருகிற பலவும் இளைஞர்களுக்காகச் செய்தவை, கேரியருக்கு இடமில்லை. மூன்று கிலோமீட்டர் சமதரைக்கு அது வேண்டாம் என்பது என் கருத்து.

செவிலியர், காரைக்குடி

ஒரு சின்னச் சேர்க்கை. சித்திரை, வைகாசியில் வெயிலில் நின்ற இரும்புக் கேரியரும் இருக்கையின் பக்கிள்களும் பிள்ளையின் தொடையைச் சுட்டுவிடும். வண்டிக் கொட்டகையில் நிழல் இருக்கிறது, பள்ளி வாசலில் இருக்குமா என்று பாருங்கள். ஒரு துண்டை நனைத்து இருக்கையின் மேல் போட்டுவிட்டுப் போனால் போதும்.

பள்ளத்தூர்த் தாய்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். இரட்டைக் குழாய் இறங்கும் 26 அங்குல லேடீஸ் சைக்கிள், அலுமினிய ரிம், கை பிரேக் இரண்டு. அரிசிப் பையைக் கொண்டுபோனேன். கடைக்காரர் சிரித்தார், பிறகு அவரே ஆட்டிப் பார்த்து முதலில் காட்டியதை உள்ளே வைத்துவிட்டு வேறொன்றை எடுத்து வந்தார். இரட்டை ஸ்டாண்டு, ஹேண்டிலுக்குச் சுருள் ஸ்பிரிங், 22 பல் பிரீவீல், இரு பக்கமும் தகட்டு மறைப்பு எல்லாம் கல்லுக்கட்டியில் செய்துகொண்டேன். மகளுக்குப் பின்னால் முதுகு உயர்ந்த இருக்கை, 22 கிலோ வரைக்கும் என்று அதில் எழுதியிருக்கிறது. மகனுக்கு முன்னால், ஹேண்டிலுக்குக் கீழே உள்ள ஹெட் பைப்பில் பிடித்து நிற்கும் இருக்கை, அதற்கு 15 கிலோ வரை.

முதல் வாரம் பிள்ளைகள் இல்லாமல் இரண்டு அரிசிப் பைகளோடு ஓட்டிப் பழகினேன். தெருவில் எல்லோரும் நான் அரிசி வியாபாரம் தொடங்கிவிட்டதாக நினைத்தார்கள். இப்போது மகளை முதலில் ஏற்றுகிறேன், மகனைக் கடைசியில் ஏற்றி முதலில் இறக்குகிறேன், ஏனென்றால் அவன் முன்னால் இருந்தால் ஹேண்டிலைத் திருப்பப் பார்க்கிறான். ஸ்டாண்டில் நிற்கும் சைக்கிளில் பிள்ளையை விட்டுவிட்டு ஓர் அடிகூட நகர்வதில்லை.

ஒரு குறை மட்டும் இருக்கிறது. முன் இருக்கையால் முழங்காலைச் சற்று விரித்து மிதிக்க வேண்டியிருக்கிறது, சேலையோடு அது சிரமம். சீட்டை உயர்த்தினால் கால் தரையில் எட்டவில்லை.

கல்லுக்கட்டி மெக்கானிக்

சீட்டை உயர்த்த வேண்டாம் அம்மா. நிற்கும்போது இரண்டு பாதமும் தரையில் படுவதுதான் உங்களுக்கு முக்கியம். சீட்டை அதன் பிடியிலேயே இரண்டு விரல் பின்னுக்குத் தள்ளி, ஹேண்டிலை ஒரு விரல் உயர்த்தினால் இடம் கிடைக்கும். பின் இருக்கை இடிக்காமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு செய்ய வேண்டும். புதுச் சைக்கிளில் முதல் மாதத்தில் கேரியர் நட்டும் ஸ்டாண்டு நட்டும் தளரும், கம்பிகளும் இளகும். ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைக்குக் கொண்டுவாருங்கள். இரண்டையும் சேர்த்தே பார்த்துவிடலாம்.

தேவகோட்டை ஆச்சி

முன் இருக்கையில் மணி ஒன்று மாட்டிக் கொடு ஆத்தா. கை அதில் இருந்தால் ஹேண்டிலுக்குப் போகாது.